படிகாரக் கல்லும் சந்தனமும்

நுழையும் முன்

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பழனியிலோ திருச்செந்தூரிலோ சமயபுரத்திலோ வேளாங்கண்ணியிலோ முடி இறக்கிய நினைவு உங்களுள் பலருக்கு இருக்கும். கத்தி பட்ட தலையில் முதலில் எரிச்சல் தோன்றும். பிறகு அம்மாவோ பாட்டியோ சந்தனத்தைக் குழைத்துப் பூசியதும் தலை குளிரும். மொட்டைத் தலைக்குக் கிடைக்கும் இந்தப் பரிவு, மீசை அரும்பும் வயதில் முதன்முதலாகச் சவரம் செய்துகொள்ளும் முகத்திற்குக் கிடைப்பதில்லை. அதைப் பற்றி வீட்டிலும் பேசுவதில்லை; பள்ளியிலும் பேசுவதில்லை. இப்பாடம் அதைப் பேசுகிறது.

பாடம்

ஒரு திங்கட்கிழமை காலை. தாராவி 90 அடிச் சாலைப் பகுதியிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தமிழ் வகுப்பினுள் நுழைந்தான். "தொண்டை வலியா?" என்று கேட்டேன். ஆம் என்பதுபோல் தலையசைத்தான். அது பொய்யென்று அவன் முகமே காட்டிக்கொடுத்தது. இடைவேளையில் தனியே அழைத்து வினவியபோதுதான் கைக்குட்டையை அவிழ்த்தான். தாடைக்குக் கீழே கழுத்து முழுவதும் கன்றிச் சிவந்திருந்தது. ஆங்காங்கே கடுகளவு தடிப்புகள். இரண்டு இடங்களில் இரத்தம் உறைந்த கோடுகள்.

"நேற்று முதன்முறையாகச் சவரம் செய்தேன், சார். அப்பாவின் சவரக்கருவி இருந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு எடுத்தேன்."

நடந்ததை அவன் சொல்லக் கேட்டேன். அவர்கள் வீட்டில் குழாய்நீர் காலையில் சிறிது நேரமே வரும். நீர் நிற்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்ற பரபரப்பில் முகத்தைச் சரியாக நனைக்கவில்லை. குளியல் சோப்பைச் சிறிது தடவிக்கொண்டு, பல நாள் பழகி மழுங்கிய தகட்டால், கீழிருந்து மேலாக ஐந்தாறு முறை இழுத்திருக்கிறான். எரிச்சல் தாங்காமல் அப்பாவின் அலமாரியிலிருந்த நறுமண நீர்மத்தை அள்ளித் தெளித்துக்கொண்டான். தீப்பட்டதுபோல் இருந்ததாம். பெரியப்பா மகன், "எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றானாம். அதையும் தேய்த்துக்கொண்டு நண்பகல் வரை வெயிலில் மட்டைப்பந்து ஆடிவிட்டு வந்திருக்கிறான்.

ஒரு முகத்திற்கு ஒரே நாளில் செய்யக்கூடிய தீங்குகளுள் ஏறக்குறைய எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. நான் சிரிக்கவில்லை. என் பதினாறாம் வயதில் நானும் இதே வரிசையில்தான் செய்தேன், எலுமிச்சை நீங்கலாக.

அவன் கழுத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். நம் மேற்றோலின் வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உள்ளது. செங்கற்களை அடுக்கி இடையிடையே சாந்து பூசியதுபோல, தட்டையான உயிரணுக்களும் அவற்றை இணைக்கும் கொழுப்புப் பொருள்களுமாக அமைந்த மதில் அது. உடலின் ஈரத்தை உள்ளே காப்பதும், வெளியிலுள்ள அழுக்கையும் கிருமியையும் தடுப்பதும் அதன் பணி. சவரத்தகடு மயிரை மட்டும் அறுப்பதில்லை. இம்மதிலின் மேலடுக்கையும் சிறிது சீவி எடுத்துவிடுகிறது. தகடு கூராகவும் தோல் நனைந்தும் இருந்தால் இழப்பு சிறிது. மழுங்கிய தகட்டை வறண்ட தோலில் அழுத்தி இழுத்தால் இழப்பு பெரிது. மதில் உடைந்த இடத்தில் ஈரம் வெளியேறுகிறது. வியர்வையின் உப்பும் சோப்பும் உட்புகுகின்றன. நரம்பு நுனிகள் எரிச்சலை உணர்த்துகின்றன. அங்குச் சீரமைப்புப் பணிக்காகக் குருதிக் குழாய்கள் விரிந்து கூடுதல் குருதியைக் கொணர்கின்றன. நாம் காணும் சிவப்பு அதுவே. ஆகவே சிவப்பைப் பகையாகக் கருதி விரட்ட முயல்வது, தீயணைக்க வந்தவர்களைத் துரத்துவது போன்றதாகும்.

கடுகளவு தடிப்புகளின் கதை வேறு. சுருண்டு வளரும் இயல்புடைய மயிரை எதிர்த்திசையில் ஒட்ட வழித்தால், அதன் நுனி ஊசிபோல் சாய்வாகக் கூர்மை பெறுகிறது. மீண்டும் வளரும்போது அது வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது. உடல் அதனை முள்ளாகக் கருதி வீங்குகிறது. பலர் இதைப் பருவென்று எண்ணிக் கிள்ளிக் கெடுத்துக்கொள்வர்.

அன்று மாலை அவனை மாட்டுங்காவுக்கு அழைத்துச் சென்றேன். கிங்ஸ் சர்க்கிளை அடுத்துப் பூக்கடைகளும் வாழையிலைக் கட்டுகளும் நிறைந்த தெருவைக் கடந்தால், ஒரு சந்தில் மூன்று நாற்காலிகளே கொண்ட சிறிய முடிதிருத்தகம் ஒன்று உண்டு. அதை நடத்தும் முதியவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். வருவோர் அனைவருக்கும் அவர் 'அண்ணாச்சி'. அவருக்கு வருவோர் அனைவரும் 'தம்பி'. நரைத்த தலையுடைய நானும் அவருக்குத் தம்பிதான்.

மாணவனின் தாடையைப் பிடித்து விளக்கொளியில் இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உன் முகத்தோடு உனக்கு என்ன பகை?" என்றார்.

பிறகு சிறு துண்டு ஒன்றைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, கழுத்தின்மேல் போர்த்தினார். அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து மீண்டும் நனைத்துப் போர்த்தினார். வேறெதையும் தொடவில்லை. கண்ணாடியின்கீழ் பனிக்கட்டிபோல் பளபளத்த படிகாரக் கல் இருந்தது. மாணவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதைத் தேய்க்க வேண்டாவா, அண்ணாச்சி? அப்பாவுக்கு எப்போதும் தேய்ப்பார்களே!"

"அது வெட்டுக்கு, தம்பி. எரிச்சலுக்கு இல்லை."

நாற்பது ஆண்டு அனுபவம் ஐந்து சொற்களில் அடங்கிவிட்டது. அதை விரித்துச் சொல்வது ஆசிரியனின் வேலை.

படிகாரம் என்பது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்டு உப்பு. அதன் படிகத்தில் உப்பின் ஒவ்வொரு மூலக்கூறுடனும் 12 நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ளன. நாவில் வைத்தால் துவர்க்கும். துவர்ப்பு என்பது வெறும் சுவையன்று. சுருங்கச் செய்யும் ஆற்றலின் அடையாளமும் ஆகும். படிகாரம் புரதத்தை உறையச் செய்து, திசுவைச் சுருக்கி, சிறு வெட்டின் வாயை அடைக்கிறது. குருதிக் கசிவு நிற்கிறது. எனவே சவரத்தின்போது ஏற்படும் சிறு கீறலுக்கு அது நல்ல துணை. ஆனால் சீவப்பட்டுச் சிவந்த தோல் ஏற்கெனவே ஈரத்தை இழந்து வறண்டிருக்கிறது. அதன்மேல் மேலும் சுருக்கும், மேலும் வறளச் செய்யும் பொருளை முகம் முழுவதும் தேய்ப்பதால் எரிச்சல் கூடவே செய்யும். பலருக்குப் படிகாரம் ஒத்துக்கொள்கிறது என்பது உண்மை. அவர்களுடைய தோல் பல ஆண்டுச் சவரத்தால் பழகிய தோல். பதினைந்து வயதுத் தோல் அன்று.

மும்பையில் வாழும் உங்களுக்குப் படிகாரத்தின் மூன்று பெயர்களும் தெரிந்திருக்கும். இந்தியில் அது ஃபிட்கரி, மராத்தியில் துரட்டி. மராத்தியில் 'துரட்' என்றால் துவர்ப்பு. நாக்கு அறிந்த சுவையை வைத்தே அம்மொழியினர் அக்கல்லுக்குப் பெயரிட்டிருக்கின்றனர். தமிழிலோ துவர்ப்புச் சுவைக்குரிய 'துவர்' என்னும் சொல், மருந்துச் சரக்குகளையும் குறிக்கும். சித்த மருத்துவத்தில் படிகாரத்தைச் சூடேற்றிப் பொரித்துப் பயன்படுத்துவர். மழைக்காலத்தில் கலங்கிய குடத்து நீரில் படிகாரத்தைச் சில சுற்றுகள் சுழற்றி வைத்தால், மண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படிந்துவிடும். ஊரில் பாட்டிமார் செய்வதைக் கண்டிருப்பீர்கள்.

தாராவிக்கும் துவர்ப்புக்கும் இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியில் தோல் பதனிடும் ஆலைகள் தோன்றின. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்த பலர் அவ்வாலைகளில் உழைத்தனர். உங்களுள் சிலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் அவர்களுள் இருந்திருக்கலாம். தமிழ்நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்துவர். அப்பட்டையிலும் துவர்ப்புப் பொருள் மிகுதி; அது விலங்கின் தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து, அழுகாத, உறுதியான பதனிட்ட தோலாக அதை மாற்றுகிறது. பண்டைக் காலத்தில் படிகாரத்தைக் கொண்டும் தோலைப் பதப்படுத்தினர். ஆலைகள் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டன. தோற்பை தைக்கும் பட்டறைகளும் கடைகளும் இன்றும் உள்ளன. இச்செய்தியை நான் சொன்னதும் மாணவன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். உயிருள்ள முகத்தைப் பதனிட வேண்டிய தேவை இல்லை என்பதை அதற்குமேல் விளக்க நேரவில்லை.

அண்ணாச்சியின் தொழிலைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தமிழகத்தில் முடிதிருத்தும் குடியினருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். கட்டியைக் கீறிச் சீழ் அகற்றுவதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர்கள் பணியாக இருந்தன. அக்குடிப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவச்சி என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. இலண்டன் மாநகரில் 1540 ஆம் ஆண்டு முதல் 1745 ஆம் ஆண்டு வரை முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். கூரிய கத்தியும் நிதானமான கையும் இருவருக்கும் பொது. பின்னர் அறுவை மருத்துவர் பிரிந்து உயர்ந்தனர். முடிதிருத்துவோரை உலகம் தாழ்வாக நோக்கியது. 2009 ஆம் ஆண்டு 'பில்லு பார்பர்' என்ற இந்தித் திரைப்படம் வெளிவர இருந்தபோது, தங்கள் தொழிலை இழிவாகச் சுட்டும் சொல் தலைப்பில் இருப்பதாக மும்பையின் முடிதிருத்துவோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தயாரிப்பாளரான ஷாருக் கான் தலைப்பை 'பில்லு' என்று சுருக்கினார். அதே கதை அதற்கு முந்தைய ஆண்டு தமிழில் 'குசேலன்' என்ற பெயரில் வந்தது. ஒரு சொல்லுக்காக அவர்கள் போராடியது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். தம் பெயர் ஏளனமாகும்போது எவ்வளவு வலிக்கும் என்பதைப் பிற மாநிலத்தில் வாழும் நாம் அறியாமல் இருக்க முடியாது.

மீண்டும் கடைக்கு வருவோம். மாணவனின் கழுத்தில் சிவப்பு சற்றுத் தணிந்திருந்தது. ஆற அமர அண்ணாச்சி பேசினார்.

"குளித்து முடித்த பிறகு சவரம் செய். இல்லையேல் ஈரத் துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்திரு. நனைந்த மயிர் மெத்தென்று அறும். வறண்ட மயிர் கம்பிபோல் இழுக்கும். விரலால் தடவிப் பார். எந்தப் பக்கம் வழவழப்பாகப் போகிறதோ அந்தப் பக்கமே கத்தி போக வேண்டும். கன்னத்தில் ஒரு திசை, கழுத்தில் வேறு திசை இருக்கும். கழுத்தில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். கத்தியை அழுத்தாதே, அதன் எடை போதும். ஒரு முறை போன இடத்தில் மறுபடி போகாதே. கொஞ்சம் மீந்திருந்தால் இருக்கட்டுமே, உன்னைப் பெண் பார்க்கவா வருகிறார்கள்?"

மாணவன் அன்று முதன்முறையாகச் சிரித்தான்.

முடித்த பிறகு குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும் என்றார். மணமில்லாத ஈரப்பசைக் களிம்பு இருந்தால் ஈரத்தோடு மெல்லப் பூசலாம். இல்லாவிட்டால் சிறிதளவு தேங்காயெண்ணெய். பரு வரும் முகத்திற்கு எண்ணெய் வேண்டா. அந்நாளில் கழுத்தை உரசும் இறுகிய காலர் கூடாது. சிவப்பு முற்றும் மறையும் வரை மறுபடி கத்தி கூடாது. மும்பையின் புழுக்கத்தில், நெரிசல் மிகுந்த மின்தொடர்வண்டியில், வியர்வை ஊறிய காலரோடு நிற்பவனுக்கு இக்கடைசி இரண்டும் மிக முக்கியம். சவரத்தகட்டை ஐந்து முதல் ஏழு சவரங்களுக்குள் மாற்றிவிட வேண்டும் என்று தோல் மருத்துவர்களும் கூறுகின்றனர்.

கடைக்குச் சென்று சவரம் செய்துகொள்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் கடைகளில் தகட்டை இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்திப் பிடியில் செருகுவர். அப்பாதியை உங்கள் கண்முன் உறையிலிருந்து எடுத்து ஒடிக்கச் சொல்லுங்கள். பிறர் குருதி பட்ட தகட்டால் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி கிருமிகள் பரவக்கூடும். இதைக் கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல தொழிலாளர் கேட்குமுன்னரே செய்வார். படிகாரக் கல்லுக்கும் இது பொருந்தும். ஒருவர் வெட்டில் தேய்த்த கல்லை அப்படியே அடுத்தவர் வெட்டில் தேய்க்கலாகாது. அண்ணாச்சி கல்லை நேரே முகத்தில் தேய்ப்பதில்லை. படிகாரத் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை எறிந்துவிடுவார். அவர் கண்ணாடியின்கீழ் உள்ள கல் எதற்கு என்று கேட்டேன். "கல் இல்லாத கடையைக் கடை என்று யார் நம்புவார்கள்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாணவனின் பாட்டி செம்பூரிலிருந்து வந்து சந்தனம் அரைத்துப் பூசினார். சந்தனம் பற்றிக் கேட்டீர்களானால், என் கருத்து இது. கல்லில் நீர்விட்டு இழைத்த சந்தனம் குளிர்ச்சி தருவது உண்மை. குழைவிலுள்ள நீர் மெல்ல ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மொட்டைத் தலை குளிர்வதன் காரணமும் பெரும்பகுதி அதுவே. ஆனால் கட்டை இழைத்த சந்தனம் வேறு. கடையில் மணமேற்றி விற்கும் தூள் வேறு. பின்னதில் சேர்ந்துள்ள செயற்கை மணப்பொருள் புண்பட்ட தோலை மேலும் உறுத்தலாம். தூய சந்தனமும் மிகச் சிலருக்கு ஒவ்வாது. முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்தில் இடுவது நன்று. பாட்டியின் சந்தனக் கட்டை அவருடைய திருமணத்தின்போது வந்தது. பேரன் கழுத்தில் அது நன்றாகவே வேலை செய்தது.

மாடத்தில் தொட்டியில் சோற்றுக்கற்றாழை வளர்ப்போர் உண்டு. மராத்தி அயலார் அதனைக் கோர்ஃபட் என்பர். மடலைக் கீறியவுடன் வடியும் மஞ்சள் நிறப் பாலை முற்றும் வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவிய பிறகே பூச வேண்டும். தணிப்பது உள்ளிருக்கும் தெளிந்த சோறு; மடலின் தோலுக்கும் சோற்றுக்குமிடையே வரும் மஞ்சள் பால் அரிப்பை உண்டாக்கும். வேகத்தில் பலர் கழுவாமல் பூசிவிட்டுக் கற்றாழையைக் குறை கூறுவர்.

புதன்கிழமை புதிய தொல்லை ஒன்று தலைகாட்டியது. கழுத்தின் சிவப்பு தணிந்துவிட்டது. ஆனால் வலக்கன்னத்தில், நீர் வழிந்த தடம்போல, கருஞ்சிவப்புக் கோடுகள் தோன்றின. அவை சாறு வழிந்த தடங்கள். எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒருவகை வேதிப்பொருள், தோலில் இருக்கும்போது வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால் தோலைச் சுட்டுவிடுகிறது. ஓரிரு நாள் கழித்தே அச்சூடு வெளிப்படும். சிலருக்குக் கொப்புளமும் எழும். பின்னர் வரும் கரும்பழுப்பு நிறம் மறைய வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் ஆகும். வெயில் நாடான நம் நாட்டில் எலுமிச்சையை முகத்தில் தேய்க்கச் சொல்லும் அறிவுரை எவ்வளவு எளிதாகப் பரவுகிறது! பற்பசையைப் பூசச் சொல்வோரும் உளர். அதிலுள்ள புதினா உப்பு சில்லென்றிருக்கும். ஆனால் பற்பசை பல்லுக்காகச் செய்தது.

நறுமண நீர்மம் ஏன் எரிந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பகுதி ஆல்கஹால். அது விரைந்து ஆவியாவதால் நொடிப்பொழுது குளிர்கிறது. உடனே தோலின் எஞ்சிய ஈரத்தையும் கொண்டுபோய்விடுகிறது. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியது எப்படியோ, எனக்குத் தெரியாது. எரிச்சலின் பொருள் எரிச்சலே.

வியாழக்கிழமை அவன் முகம் வியப்பூட்டும் வகையில் தெளிந்திருந்தது. கழுத்தில் ஒரு சிவப்பில்லை. கன்னக் கோடுகள்கூட மங்கியிருந்தன. மகிழ்ந்திருக்க வேண்டிய நான் அஞ்சினேன். "என்ன பூசினாய்?" என்றேன். சித்தப்பா மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்ததாகச் சொல்லி, சிறு குழாய் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான். விலை குறைவு, தெருவில் பலரும் பூசுகிறார்களாம், முகமும் வெளுக்குமாம். அட்டைப் பெட்டியின் இடப்புறத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. உள்ளடக்கத்தில் மூன்று மருந்துகளின் பெயர்கள். அவற்றுள் ஒன்று வீரியமிக்க ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு களிம்பு தேவையான நோய்க்குத் தேவையான நாள்வரை மருத்துவர் சொற்படி பூசினால் நல்ல மருந்து. விரிந்த குருதிக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை ஒரே நாளில் அடக்கிவிடும் ஆற்றல் அதற்குண்டு. அவ்வாற்றலே ஆபத்தும் ஆகிறது. வாரக்கணக்கில் முகத்தில் பூசுவோருக்குத் தோல் மெலிகிறது, மெல்லிய குருதிக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, பருக்கள் மிகுகின்றன. நிறுத்த முயன்றால் முன்னிலும் கொடிய சிவப்பும் எரிச்சலும் எழுவதால் மீண்டும் அதையே பூசுகின்றனர். நம் நாட்டின் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எச்சரித்து வந்தனர். 2018 ஆம் ஆண்டு நடுவண் அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அச்சிவப்புக் கோட்டின் பொருள் அதுவே. ஆயினும் சீட்டில்லாமல் அவை கைமாறுவது நின்றபாடில்லை.

அன்று மாலையே அவனும் அவன் தந்தையும் சயான் மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவைப் பற்றிக் கேட்டறிந்தனர். மறுநாள் காலை வரிசையில் நின்று மருத்துவரைக் கண்டனர். இரண்டு முறையே பூசியிருந்ததால் அஞ்ச வேண்டியதில்லை, உடனே நிறுத்திவிடலாம் என்றார் மருத்துவர். எழுதிக் கொடுத்தது மணமற்ற ஈரப்பசைக் களிம்பு ஒன்றும், கன்னத்திற்கு வெயில்காப்புக் களிம்பு ஒன்றும் மட்டுமே. சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தடிப்புகள் கூடிக்கொண்டே போனாலோ திரும்ப வரச் சொன்னார். ஒவ்வொரு சவரத்திற்குப் பிறகும் தடிப்பு வருமானால் கத்தியை விட்டுவிட்டு, மயிரைச் சிறிது மீதம் வைத்து வெட்டும் மின்கருவியைப் பயன்படுத்தலாம் என்றும் கூறினார். சித்தப்பாவுக்குத்தான் வருத்தம், அன்போடு வாங்கி வந்தது வீணாயிற்றே என்று.

வகுப்பில் மாணவியர் சிலர், "எங்களுக்கு இதில் பாடம் இல்லையா?" என்று கேட்டனர். உண்டு. கை கால்களில் மயிர் நீக்கினாலும், நூலால் புருவம் திருத்தினாலும் சிவக்கும் தோல் அதே தோல்தான். குளிர்ந்த ஈரத்துணி, ஒற்றியெடுத்தல், அன்று வெயிலையும் மணப்பொருளையும் தவிர்த்தல் ஆகியவை அவர்களுக்கும் பொருந்தும்.

மாணவனின் கழுத்து பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தது. கன்னத்தின் கோடுகள் தீபாவளி வரை மங்கலாகத் தெரிந்தன. அடுத்த முறை அவனுடைய அப்பா விடுமுறை நாளில் அருகில் அமர்ந்து, புதிய தகடு பொருத்திக் கொடுத்து, கன்னத்தில் விரலால் திசை காட்டினாராம். "அப்பாவும் கழுத்தில் இத்தனை ஆண்டும் எதிர்த்திசையிலேயே வழித்திருக்கிறார், சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். அண்ணாச்சி அவனுக்கென்று தந்த சிறு படிகாரத் துண்டு ஒரு மூடிய டப்பாவில் இருக்கிறது. அதில் இன்னும் ஈரம் படவில்லையாம்.

சொற்பொருள்

மேற்றோல் – தோலின் வெளியடுக்கு. கன்றுதல் – அடியாலோ உராய்வாலோ தோல் சிவந்து நிறம் மாறுதல். துவர் – துவர்ப்பு. துவர்ப்புச் சுவையுள்ள மருந்துப் பொருள். பதனிடல் – கெடாதவாறு பக்குவப்படுத்துதல். இழைத்தல் – கல்லில் தேய்த்துக் குழைவாக்குதல். நடுவண் அரசு – மத்திய அரசு.

மொழியறிவோம்

படிகாரம் + கல் = படிகாரக் கல். நிலைமொழியின் ஈற்றிலுள்ள 'ம்' கெட்டு, வருமொழி முதலிலுள்ள வல்லினம் மிகுந்தது. இவ்வாறே அமைந்த மேலும் மூன்று தொடர்களைப் பாடத்திலிருந்தோ உங்கள் பேச்சிலிருந்தோ எடுத்து எழுதுக.

பயிற்சி

1. "அது வெட்டுக்கு, தம்பி. எரிச்சலுக்கு இல்லை." அண்ணாச்சி இவ்வாறு கூறியதன் காரணத்தைப் படிகாரத்தின் இயல்போடு பொருத்தி விளக்குக.

2. மாணவனின் முகம் ஒரே நாளில் தெளிந்ததைக் கண்டு ஆசிரியர் அஞ்சியது ஏன்?

3. எலுமிச்சைச் சாற்றின் விளைவு ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் புதன்கிழமை தெரிந்தது எதனால்?

4. உங்கள் வீட்டிலுள்ள மருந்துக் களிம்புகளின் அட்டைகளைப் பெரியோர் துணையுடன் பாருங்கள். சிவப்புக் கோடு உள்ளவை எவை? அவற்றை வாங்கியபோது மருத்துவரின் சீட்டு இருந்ததா என்று கேட்டு எழுதுக.

5. படிகாரம், சோற்றுக்கற்றாழை, சந்தனம் ஆகியவற்றிற்கு உங்கள் தெருவில் வழங்கும் பெயர்களை மராத்தி, இந்தி, குஜராத்தி பேசும் அயலாரிடம் கேட்டு அட்டவணையாக்குக. ஊரிலுள்ள பாட்டி தாத்தாவிடம் பேசும்போது, சவரம் செய்த முகத்திற்கு அவர்கள் காலத்தில் என்ன பூசினர் என்றும் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்து வருக.